சில்வர் பேக்கேஜ் சக்கரவர்த்தி

ஹம்சாவுக்கு டயோக்ளீஷியன் விழுந்தார்.

விழுந்தார் என்றால், குலுக்கலில். டெக்ஸாஸில் கேட்டி என்கிற ஊரில், ஒரு பிரியாணிக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவே ராஜபாட்டை அட்மிஷன்ஸ் அகாடமி இருக்கிறது. பெரிய பெரிய காலேஜ்களில் பிள்ளைகளுக்கு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடம். அங்கே வருஷா வருஷம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோமானியச் சக்கரவர்த்திகளைப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சக்கரவர்த்தி வாய்க்கிறாரோ, அந்தப் பிள்ளை நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவர்மேல் பைத்தியமாக இருந்துவந்தது என்று அன்று மாலையே முடிவாகிவிடும்.

ஏன் ரோம் என்று கேட்பவர்களுக்கு அகாடமியின் ஸ்தாபகர் பிச்சுமணி முதல் கூட்டத்திலேயே பதில் சொல்லிவிடுவார். விசிட்டிங் கார்டில் அவர் பெயர் ‘கோச் பிச்’.

“அங்கிள், ஆன்ட்டி, கொஞ்சம் இமாஜின் பண்ணுங்க. அட்மிஷன் ஆபீசர் டேபிள்ல ஆயிரம் இண்டியன் கிட்ஸ். எல்லாம் ரோபாட்டிக்ஸ், எல்லாம் அரங்கேற்றம், எல்லாம் ஸ்பெல்லிங் பீ. அவன் கொட்டாவி விடறான். அப்ப லேட் ரோமன் எம்பரர்னு ஒரு கிட் வந்தா நிமிர்ந்து உக்காருவானா மாட்டானா? நாங்க பொய் சொல்லித் தரமாட்டோம். ஆதென்டிக் இன்ட்ரஸ்ட் இல்லாத பிள்ளைக்கு அது இருந்த மாதிரி ஒரு சைல்ட்ஹுட்டை பில்ட் பண்ணித் தருவோம். அவ்வளவுதான்.”

அகஸ்டஸ், நீரோ போன்ற பேர் தெரிந்த ஆசாமிகள் எல்லாம் பிளாட்டினம் பேக்கேஜ். அவர்களை அகாடமியின் நியூ ஜெர்சிக் கிளைப் பிள்ளைகள் ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள். ஹம்சாவின் அப்பா சந்தானம் கட்டியிருந்தது சில்வர் பேக்கேஜ். சில்வரில் சாம்ராஜ்யம் ஆட்டம் கண்ட பிறகு வந்தவர்கள்தான் கிடைப்பார்கள். பக்கத்துத் தெரு சேனாபதி அதற்கும் கீழே பேசிக் பேக்கேஜ் எடுத்திருந்ததால், அவர் மகன் முகுந்துக்கு குவின்டில்லஸ் என்று ஒருவர் வந்தார். அவர் ஆண்டது சில வாரங்களா சில மாதங்களா என்று சரித்திர ஆசிரியர்களுக்கே இன்னும் தகராறு. படிக்க வேண்டியது குறைச்சல் என்று சேனாபதிக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சந்தானத்துக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. அவர் எச்1பி விசாவில் இருப்பவர். கிரீன் கார்டுக்காக இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசையில் நிற்கிறார். அந்த வரிசை நகர்வதை உயிரோடு இருப்பவர் யாரும் பார்த்ததில்லை. ஹம்சா இரண்டு வயதில் இந்த ஊருக்கு வந்தவள். இருபத்தோரு வயது முடிந்தால் அப்பாவின் வரிசையிலிருந்து அவள் பெயர் தானாகக் கழன்றுவிடும். அதற்குள் தனியாக ஒரு வழி கிடைக்காவிட்டால், விடுமுறைக்கு மட்டும் பார்த்த ஒரு நாட்டுக்கு அவள் மட்டும் ‘திரும்பி’ப் போக வேண்டும். ஒவ்வொரு பிறந்தநாள் கேக்கிலும் ஒரு மெழுகுவர்த்தி கூடும்போது சந்தானமும் அவர் மனைவி காமாக்ஷியும் கைதட்டிக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது?

பிச்சுமணிக்குத்தான் பேச இருந்தது. பெரிய காலேஜ், அப்புறம் பெரிய கம்பெனி, அவர்களே விசாவுக்கு ஸ்பான்ஸர், கவலையே வேண்டாம் என்று அவர் சொன்னபோது, சந்தானம் மூழ்குகிறவன் கயிற்றைப் பிடிப்பதுபோல அகாடமியின் ஊதா நிறக் கழுத்துப் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

அந்தப் பட்டை இல்லாமல் பெற்றோர் அகாடமிக்குள் நுழைய முடியாது. நுழைந்த பிறகு பேச முடியாது. சுவரோரமாக அவர்களுக்கென்று ‘கேட்கும் நாற்காலி’கள் போடப்பட்டிருக்கும். அதில் உட்கார்ந்து கேட்கலாம். பெற்றோரின் குரல் பிள்ளையின் ஆதென்டிக் வாய்ஸைக் கெடுத்துவிடும் என்பது கோச்சின் ஆராய்ச்சி முடிவு. சந்தேகம் இருந்தால் அகாடமியின் மொபைல் ஆப்பில் போடலாம். சில நாளில் ஒரு சிரிக்கும் முகம் பதிலாக வரும். வாய் திறந்தவர்களுக்கு ஆப்பில் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் பிள்ளை கீழ் பேக்கேஜுக்கு இறங்கும். கோச் உள்ளே வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அதைச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை, அதனால் அது மரபு.

ஒருநாள் சாப்பிடும்போது ஹம்சா, டயோக்ளீஷியனைப் பார்க்கப் போகிறவர்கள் தரையில் விழுந்து அவருடைய ஊதா அங்கியின் ஓரத்தை முத்தமிட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்ததாக ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

“இதை பிச்சுமணிகிட்ட சொல்லித் தொலைச்சுடாதே” என்றாள் காமாக்ஷி.

ஆனால் பிச்சுமணிக்குத் தெரியாத ரோமா? டயோக்ளீஷியன் சாம்ராஜ்யத்தை நான்காகப் பிரித்து, இரண்டு பெரிய சக்கரவர்த்திகள், இரண்டு சின்னச் சக்கரவர்த்திகள் என்று ஆளவிட்டார். பிச்சுமணியும் அகாடமியை கேட்டி, ரவுண்ட் ராக், பிளசன்டன், எடிசன் என்று நான்கு ஊர்களாகப் பிரித்து, மற்ற மூன்றையும் மச்சினர்களிடம் ஒப்படைத்திருந்தார்.

கோடையில் ‘சைல்ட்ஹுட் வொர்க்‌ஷாப்’ வந்தது. ஒவ்வொரு குடும்பமும் பிள்ளைக்கு அந்தச் சக்கரவர்த்திமேல் ஆர்வம் பிறந்த தருணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். அன்று ஒருநாள் மட்டும் தாய்மார்கள் பேச அனுமதி. ஹம்சா சின்ன வயதில் எதற்காவது தேம்பித் தேம்பி அழுதது உண்டா என்று கோச் கேட்டார். கால்வெஸ்டன் கடற்கரையில் ஒரு செருப்பை அலை கொண்டுபோனபோது அழுதாள், அப்போது ஐந்து வயது என்று காமாக்ஷி உள்ளதைச் சொன்னாள்.

கோச் கண்ணை மூடி யோசித்தார். “பர்ஃபெக்ட். அழுகை அப்படியே இருக்கட்டும் ஆன்ட்டி, காரணத்தை மட்டும் மாத்துங்க. அன்னிக்கு பீச்ல அப்பா அவளுக்கு டயோக்ளீஷியன் கதை சொல்றார். ஒரு எம்பரர் தானாவே கிரவுனைக் கழட்டி வெச்சுட்டுப் போனார்னு கேட்டதும் குழந்தை அழறா. செருப்பு போனதையும் வெச்சுக்கலாம், டீடெய்ல் நல்லா இருக்கு.”

அன்றிலிருந்து அந்தக் கடற்கரை சந்தானத்துக்கு மாறிப்போயிற்று. அந்தச் செருப்பைத் தேடி முழங்கால் தண்ணீரில் இறங்கியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது நினைத்தால், தண்ணீரில் நின்றுகொண்டு தானே ரோமைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. ஆசையாகச் சேர்த்துவைத்த ஒன்றிரண்டு ஞாபகங்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்று இருந்தது. போகட்டும், இடம் கிடைத்தால் சரி.

டயோக்ளீஷியன் கதையில் கோச்சுக்கு மிகவும் பிடித்த கட்டம் முட்டைக்கோஸ். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிப்பாயாகச் சேர்ந்து, சக்கரவர்த்தியாகி, உடம்புக்கு முடியாமல் போனதும் பதவியைத் துறந்து கடலோரத்தில் மாளிகை கட்டிக்கொண்டு போனவர் அவர். பின்னால் நாடு குழம்பியபோது, திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். என் கையால் நான் வளர்த்த முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டாராம். அதனால் ஹம்சா வீட்டுக் கொல்லையிலும் முட்டைக்கோஸ் வளர வேண்டும், வீட்டுக்கு வந்து ஆர்வத்தைச் சோதிக்கும் ‘இன்ட்ரஸ்ட் ஆடிட்’ வரும்போது அது கண்ணில் பட வேண்டும் என்று ஆப்பில் உத்தரவு வந்தது. உத்தரவு வந்தது ஜூலையில். ஜூலை மாத கேட்டி வெயிலில் காரின் ஸ்டீரிங்கையே துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். சந்தானம் நட்ட நாற்றுகள் இரண்டே நாளில் அப்பளமாகிவிட்டன. செப்டம்பரில்தான் நட வேண்டும் என்று ஹம்சா சொன்னாள். ஆடிட் ஆகஸ்டில் என்றார் சந்தானம்.

என்ன செய்வார் மனுஷன்? ஆடிட்டுக்கு முதல்நாள் கடைக்குப் போய் நல்ல உருண்டையாக நாலு முட்டைக்கோஸ் வாங்கி வந்தார். கொல்லையில் குழி தோண்டி, பாதிவரை புதைத்து, மண்ணை அணைத்து, மேலே தண்ணீரும் தெளித்தார். சாம்பாருக்கு ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று காமாக்ஷி ஜன்னல் வழியாகக் கேட்டாள். அவள் கிண்டல் செய்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹம்சா வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆடிட் செய்ய வந்தது எழிலரசி என்கிற பெண். அகாடமியில் படித்து, கோச் சொன்ன காலேஜ் எதிலும் இடம் கிடைக்காமல், அகாடமியிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காந்தங்களில் ரோம் இருக்கிறதா என்று பார்த்தாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த காமாக்ஷியிடம் திடீரென்று, “ஆன்ட்டி, ரோமை நாலா ஸ்ப்ளிட் பண்ணது யாரு?” என்று கேட்டாள். காமாக்ஷி கத்தியைக் கீழே வைக்காமலே சரியான பதில் சொன்னாள். பிறகு எழிலரசி கொல்லைக்குப் போய், முட்டைக்கோஸ் அருகில் குனிந்தாள். ஒரு காயின்மேல் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கரை சந்தானம் எடுக்க மறந்திருந்தார்.

எழிலரசி ஸ்டிக்கரைப் படித்தாள். “ஆர்கானிக். வெரி குட் அங்கிள்” என்று டேப்லெட்டில் குறித்துக்கொண்டு கிளம்பினாள்.

இத்தனைக்கும் நடுவில் யாரும் எதிர்பார்க்காத ஒரு கோளாறு நடந்தது. ஹம்சாவுக்கு டயோக்ளீஷியன்மேல் நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது. லைப்ரரியிலிருந்து தடித் தடியாகப் புத்தகங்கள் கொண்டுவந்தாள். விலைவாசியை அடக்க அவர் போட்ட சட்டத்தைப் பற்றியும், கிறிஸ்தவர்களை அவர் படுத்திய பாட்டைப் பற்றியும் பேசினாள். இந்த ஆள் நல்லவனா கெட்டவனா என்றே தெரியவில்லை அப்பா என்று வருத்தப்பட்டாள். செப்டம்பரில், அவளாகவே கொல்லை மூலையில் முட்டைக்கோஸ் நாற்று நட்டாள். இதைக் கேள்விப்பட்டு கோச் கவலைப்பட்டார். சந்தானத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“அங்கிள், இன்ட்ரஸ்ட் இருக்கலாம், தப்பில்ல. ஆனா நிஜமா இருந்தா கன்ட்ரோல் போயிடும். கிறிஸ்டியன்ஸ் மேட்டர் வேண்டாம், பிரைஸ் கன்ட்ரோல் வேண்டாம். முட்டைக்கோஸோட ஸ்டாப் பண்ணச் சொல்லுங்க. ஹாப்பி எண்டிங். அட்மிஷன் ஆபீசரும் மனுஷன்தானே?”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஹம்சா, முட்டைக்கோஸுக்கு அப்புறமும் கதை இருக்கிறது, அதைத்தான் சொல்லப்போகிறேன் என்றாள். அது வேண்டாம், கோச் சொன்னதோடு நிறுத்திக்கொள் என்றார் சந்தானம். என்ன கதை என்று அவர் கேட்கவில்லை. இரண்டு முறை அவள் ஆரம்பித்தாள். இரண்டு முறையும் அவர், ஃப்ரீவேயில் டிராஃபிக் ஜாஸ்தி, அப்புறம் பேசலாம் என்றார். அன்று ஃப்ரீவே காலியாகத்தான் இருந்தது.

அக்டோபர் கடைசியில், விண்ணப்பம் அனுப்பும் முன்பாக, ‘ட்ரையம்ஃப்’ என்கிற வெற்றி விழா. ஹோட்டல் ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறித் தங்கள் சக்கரவர்த்தியின் வாழ்வையும் ஆட்சியையும் சொல்ல வேண்டும். பெற்றோர் கேட்கும் நாற்காலிகளில். கோச் ஊதா சூட்டில் வந்தார். எல்லாரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். ராஜபாட்டை வெறும் கம்பெனி அல்ல, ஒரு நாகரிகம் என்று அவர் தொடங்கினார். எந்தக் குழந்தையும் தோற்பதில்லை, தோற்கிற குழந்தையின் படத்தை நாங்கள் வெப்சைட்டில் போடுவதில்லை என்று பெருமையோடு முடித்தார். பெற்றோர் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு அனுமதி உண்டு.

முகுந்த் குவின்டில்லஸை இரண்டு நிமிஷத்தில் ஆண்டு முடித்துவிட்டு இறங்கினான். அடுத்து ஹம்சா. மேஜைமேல் அலங்காரத்துக்காகக் கோச் வைக்கச் சொன்ன கடை முட்டைக்கோஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவள் கால்வெஸ்டன் கடற்கரையைச் சொல்லவில்லை. அதற்கே கோச்சின் முகம் சுருங்கியது. மற்றதெல்லாம் சரியாக, அழகாக வந்தது. ஏழைப் பையன், சிப்பாய், சக்கரவர்த்தி, நான்கு பங்கு, துறவு, கடலோர மாளிகை, முட்டைக்கோஸ். ஹால் முழுக்கக் கைதட்டியது. கோச் மணியை அடித்தார். மணி அடித்தால் இறங்க வேண்டும்.

ஹம்சா இறங்கவில்லை. இன்னும் இருக்கிறது, அவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். கோச் மறுபடி மணியடித்தார். பெரிதாகச் சிரித்து, டைம் அப், ஸ்வீட் ஹார்ட் என்றார். எழிலரசி மைக்கை அணைத்துவிட்டாள். ஹம்சாவின் உதடு மட்டும் இரண்டு வார்த்தைக்கு அசைந்து நின்றது. பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள்.

ஃப்ரீவேயில் அவள் ஆரம்பித்த கதை இதுதான் என்று சந்தானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எழுந்து நின்றார். கோச் உள்ளே வராதபோது அந்த நாற்காலியிலிருந்து எழுந்த முதல் ஆள் அவர்தான். சேனாபதி பதறிப்போய், சிவப்புப் புள்ளி, சிவப்புப் புள்ளி என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?” என்று கேட்டார் சந்தானம்.

கோச் மணியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். “அங்கிள், ப்ளீஸ். அது அவுட் ஆஃப் ஸ்கோப்.”

“உன்னைக் கேக்கலப்பா. அவளைக் கேக்கறேன். ஹம்சா, அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?”

மைக் இல்லாமல், அவ்வளவு பேர் நடுவில், அவள் தமிழில் பதில் சொன்னாள். வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள். “அவ பேரு வலேரியா. அவ ஹஸ்பண்ட் செத்துட்டார். அப்ப இருந்த எம்பரர் அவளைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டான். அவ நோ சொன்னா. அதனால அவளையும் அம்மாவையும் நாட்டை விட்டு ரொம்ப தூரம் அனுப்பிட்டாங்க. டயோக்ளீஷியன் ஆள் அனுப்பிக் கேட்டார். என் பொண்ணை என்கிட்ட திருப்பி அனுப்புங்கன்னு. திரும்பித் திரும்பிக் கேட்டார். அந்த எம்பரர் உக்காந்த சீட்டே இவர் உருவாக்கினதுதான், அப்பா. ஆனா இவர்கிட்ட இப்ப ஒண்ணுமில்ல. முட்டைக்கோஸ்தான் இருக்கு.”

“அனுப்பினாங்களா?”

“இல்ல. அவர் கேட்டுக்கிட்டே இருந்து செத்துப்போனார். அப்புறம் அவங்க ரெண்டு பேரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊர் ஊரா அலைஞ்சாங்க. கடைசியில பிடிச்சு கொன்னுட்டாங்க.”

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் சந்தானம் நிற்கும் அதே வரிசையில் நிற்பவர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. காமாக்ஷி ஊதாப் பட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிச்சுமணி சுதாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. மைக்கைத் தானே போட்டுக்கொண்டார். “பார்த்தீங்களா? இதான் எமோஷன். நான் சொல்லித்தரல, ஆர்கானிக்கா வந்தது. அடுத்த வருஷத்துலேர்ந்து எல்லா பேக்கேஜ்லயும் இந்த இடத்துல ஒரு அப்பா எழுந்து நிக்கிறார். கோல்டுல அம்மாவும் அழுவாங்க. எழில், நோட் பண்ணிக்கோ.” எழிலரசி நோட் பண்ணிக்கொண்டாள். கைதட்டல் முதலில் சேனாபதியிடமிருந்து வந்தது, பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சந்தானத்தின் ஃபோன் சட்டைப்பையில் அதிர்ந்தது. ஆப்பில் ஒரு சிவப்புப் புள்ளியும், அதன் கீழே ஒரு சிரிக்கும் முகமும் வந்திருந்தன.

திரும்பும்போது காமாக்ஷி பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். மேஜைமேல் இருந்த முட்டைக்கோஸை யாரோ ஞாபகமாகக் கொண்டுவந்து காரில் போட்டிருந்தார்கள். அது ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டு கதவில் இடித்தது. ஹம்சா முன் சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பார்த்தபடியே கேட்டாள், தமிழிலேயே.

“நீயும் கேப்பியாப்பா? எனக்கு ட்வென்டி ஒன் ஆனா?”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. மெழுகுவர்த்திகளுக்கு முன்னால் இவர்கள் கைதட்டியபோதெல்லாம் அவளும் தெரியாததுபோல் ஊதி அணைத்திருக்கிறாள். சந்தானம், ஒன்றும் ஆகாது, எல்லாம் கிடைத்துவிடும், கோச் சொன்னாரே என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“கேட்டுட்டுத்தானேம்மா இருக்கேன்” என்றார்.

ஹம்சா பின்பக்கம் திரும்பி, கையை நீட்டி, உருண்டுகொண்டிருந்த முட்டைக்கோஸை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.